மச்சான் கட்டிய வேலிகளும் நான் போட்ட தையல்களும்

என் அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் அப்பா கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்பதுதான். கூட வந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "கம்பி எண்ணிக்கிட்டிருக்கார்" என்றார். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "ஐயோ, கடையிலங்க! முள்கம்பிக் கடை. சுருள் சுருளா வந்து இறங்கும், எண்ணி அடுக்கணும் இல்லையா?" என்று அவசர அவசரமாக ஒட்டுப்போட்டார். அந்த அதிர்ச்சியிலிருந்து அப்பா மீள்வதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது.

மாப்பிள்ளை, அதாவது என் மச்சான், அன்றைக்கு அக்காவைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அக்கா எதிரில் வந்து உட்கார்ந்தபோது அவர் சன்னல் வழியாக எங்கள் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எங்கள் வேலி இருந்தது. வேலி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். முள்ளு முள்ளாக வெட்டி வந்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, கல்லை வைத்து அமுக்கிய ஒரு குவியல்.

"அது என்னங்க, வேலியா? இல்ல, அடுப்புக்கு வெட்டிப் போட்ட விறகா?" என்று கேட்டார்.

"வேலிதான். வருஷா வருஷம் கட்டுறோம்" என்றார் அப்பா, கொஞ்சம் விறைப்பாக.

"வருஷா வருஷம் கட்டினா அது வேலி இல்லீங்க. வேண்டுதல்."

அந்த வேண்டுதலை நிறைவேற்றிவந்தவன் நான். வெயில் காலம் முழுக்க முள் வெட்டி, சுமந்து, அடுக்கி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கையிலிருந்து ஊசியால் ஒவ்வொன்றாக எடுப்பேன். மழை வந்ததும் வேலி மக்கும். மக்கின இடத்தில் ஆடு தலையை விடும். அந்த நாளில் வேலி என்பது பயிருக்கு மட்டும்தான். காய்கறிப் பாத்தியைச் சுற்றி முள், மாடு ஆடு எல்லாம் வெளியே, தன் இஷ்டத்துக்கு. அவற்றுக்கு வேலி என்றால் பின்னாலேயே ஓடுகிற ஆள்தான். எங்கள் வீட்டில் அந்த வேலி நானும் அக்காவும்தான். மூச்சு வாங்கினால் பக்கத்துத் தோட்டம் காலி.

மச்சான் கல்யாணத்துக்கு முன்பே எங்கள் நிலத்தைச் சுற்றி நாலு வரிசை முள்கம்பி இழுத்துக் கொடுத்தார். கருங்கல் கம்பம், புதுக் கம்பி, வெயிலில் பளபளவென்று. அப்பா அதைப் பார்த்துத்தான் சம்மதித்தார். அக்காவின் காரணம் வேறு. "மத்தவங்கல்லாம் வந்து என்னைப் பார்த்தாங்க, ஒண்ணும் ஆகல. இவர் வேலியைப் பார்த்தார். இனிமே நான் ஆட்டுக்குப் பின்னால ஓட வேண்டாம்" என்றாள். காதல் எத்தனையோ விதமாக வரும். எங்கள் வீட்டுக்குச் சுருள் சுருளாக வந்தது.

அதற்குப் பிறகு பத்து வருஷம் மச்சானைப் பிடிக்க முடியவில்லை. மேட்டுப் பக்கம், பள்ளத்துப் பக்கம், ஆற்றங்கரை என்று எங்கே பார்த்தாலும் அவருடைய கம்பிதான். கடை வாசலில் ஒரு கம்பத்தில் மாதிரிக்கு மூணு வரிசை இழுத்துக் கட்டி வைத்திருப்பார். வருகிறவர்களிடம் அதைத் தட்டிக் காட்டி, ஒரே வசனத்தைச் சொல்வார்: "மாடு இதுல ஒரு தடவை உரசும். ரெண்டாவது தடவை உரசாது." சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துவார். கேட்கிறவர் தலையை ஆட்டியே தீர வேண்டும்.

கம்பி வந்ததும் ஊரில் முதலில் மாறியது மாடுகள் இல்லை, மனிதர்கள்தான். முள்வேலிக் காலத்தில் எல்லை என்பது கிட்டத்தட்ட ஓர் அபிப்பிராயம். மக்கிய வேலியைப் புதிதாகக் கட்டும்போது ஒரு சாண் அந்தப் பக்கம் நகரும், அடுத்த வருஷம் அவர் கட்டும்போது இந்தப் பக்கம் நகரும். யாருக்கும் நஷ்டமில்லை. கம்பம் நட்டுக் கயிறு பிடித்து நேர்க்கோட்டில் கம்பி இழுத்ததும், ஆளாளுக்கு ஒரு சாண் பறிபோனது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருஷம் ஒரே பாத்திரத்தில் மோர் வாங்கிக் குடித்த இரண்டு வீடுகள் பேச்சை நிறுத்தின. மச்சானோ இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக வேலி போட்டுக் கொடுத்தார். நடுவில் முக்கால் அடி யாருக்கும் இல்லாமல் கிடந்தது. அங்கே நெருஞ்சி நன்றாக வளர்ந்தது.

நான் அந்தச் சமயம் மாட்டாஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாளாக இருந்தேன். உதவியாள் என்றால் காலைப் பிடிப்பது, வாளி தூக்குவது, திட்டு வாங்குவது. கையில் நிதானம் இருக்கிறது என்று டாக்டர் தையல் போடவும் பழக்கிவிட்டார். முள்கம்பி வருவதற்கு முன்னால் மாதத்துக்கு ஒரு தையல் வந்தால் அதிகம். வந்த பிறகு வாரத்துக்கு நாலு. தொடை, மடி, கழுத்துத் தோல், ஒரு தடவை ஒரு குதிரையின் நெஞ்சு. எல்லாமே முதல் தடவை உரசினவைதான், மச்சான் சொன்னதில் தப்பில்லை.

அக்கா ஒரு நாள் எங்கள் இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஒருத்தர் கிழிக்கிறார், ஒருத்தன் தைக்கிறான். நல்ல குடும்பத் தொழில்."

மச்சான் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

மேட்டுக்குக் கீழே ஒரு பால்காரம்மா இருந்தார். தனியாள், ஆறு மாடு. கறந்து, ஊற்றி, சாணி வாரி, எல்லாம் ஒரே ஆளாகச் செய்கிறவர். யாரிடமும் ஒரு உதவி கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் மச்சான் கடைக்கு வந்து, "எனக்கு மாட்டுக்குப் பின்னால ஓட நேரமில்ல. எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். மச்சான் அஞ்சு வரிசை போடச் சொன்னார். நாலே போதும்தான். இந்த அம்மா தனியாக இருக்கிறாரே, பலமாக இருக்கட்டும் என்றுதான் அந்த அஞ்சாவது வரிசை.

மறு வருஷம் ஒரு மத்தியானம், ஆலங்கட்டி மழை. சரிவின் உச்சியில் மேய்ந்துகொண்டிருந்த ஆறு மாடுகளும் மிரண்டு கீழே ஓடி வந்தன. முள்வேலியாக இருந்திருந்தால் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். கம்பி அசையவில்லை. முன்னால் வந்த செவலைப் பசு, ஏழு மாதச் சினை, அதில் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்தவை அதைத் தள்ளின.

நாங்கள் போனபோது மழை விட்டிருந்தது. டாக்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எப்படியோ சேதி கேள்விப்பட்டு மச்சானும் வந்துவிட்டார். சேற்றில் உட்கார்ந்து பசுவின் தலையை மடியில் வாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் எத்தனை தையல் போட்டேன் என்று நினைவில்லை, எண்ணுவதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். பசு பிழைத்தது. பிறகு கன்றும் ஈன்றது. ஆனால் மடி போய்விட்டது. அந்தக் கன்றுக்குத் தன் தாயிடம் ஒரு வாய் பால் கிடைக்கவில்லை.

பால்காரம்மா கத்தவில்லை, சாபம் விடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டாவது தடவை உரசாதுன்னு சொன்னீங்களே. முதல் தடவை இப்படின்னு சொல்லலையே" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மச்சான் குறடை எடுத்துக்கொண்டு அவர் நிலத்துக்குப் போய் அஞ்சு வரிசையையும் ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார். கூட ஆள் வைத்துக்கொள்ளவில்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து தடித்த கையுறை கொண்டு போய்க் கொடுத்தேன்.

"இதைப் போட்டுக்கங்க மச்சான்."

"மாடு போட்டிருந்துச்சா?" என்றார்.

முழங்கை வரைக்கும் கீறல். ஒன்பது நாள் ஆனது. அத்தனை கம்பியையும் சுருட்டிக் கடைப் பின்கட்டில் போட்டார். கடையில் மிச்சமிருந்த சுருள்களையும் அதன் மேலேயே போட்டார். அக்காவின் கோழிகள் அதற்குள் புகுந்து முட்டையிட்டன. அந்த முட்டையை எடுக்கக் கை விட்டவர்களுக்கும் நான் தையல் போட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து மச்சான் ஒரு கொள்கை வகுத்துக்கொண்டார். தன் உடம்பில் சோதித்துப் பார்க்காத எந்த வேலியையும் விற்பதில்லை என்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியிருந்ததுதான் எங்கள் தலையெழுத்து.

அடுத்து வந்தது கம்பி வலை. முள் கிடையாது, சதுரம் சதுரமாகப் பின்னியது, ஆட்டுக்கு ரொம்ப நல்லது என்று கம்பெனிக்காரன் சொன்னான். மச்சான் நம்பவில்லை. "ஆடு தலையை விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார். "விட்டா திரும்ப எடுத்துக்கும் சார்" என்று சொல்லிவிட்டு அவன் கம்பி நீட்டிவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா ஆள் அனுப்பினாள்: உடனே வா, வரும்போது மாட்டுக் கன்றை இழுக்கும்போது தடவுகிற வழவழப்பு மருந்து எடுத்துக்கொண்டு வா. எந்த மாடு சினை என்று யோசித்துக்கொண்டே ஓடினேன். போனால், கொல்லையில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் மச்சானின் உடம்பு, அந்தப் பக்கம் மச்சானின் தலை. அவருக்கு எதிரே ஏழு ஆடுகள் வரிசையாக நின்று, அசை போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தன.

"காது மாட்டுது மாப்ளே" என்றார், நிதானமாக. ஏதோ ஆய்வு முடிவைச் சொல்கிற மாதிரி.

"போகும்போது மாட்டலையா?"

"போகும்போது காது பின்னால மடியுது. வரும்போது முன்னால மடிய மாட்டேங்குது. ஆட்டுக்குக் கொம்பு வேற இருக்கு பாரு. இந்தச் சதுரம் சரியில்ல. ஒண்ணு சின்னதாக்கணும், இல்ல பெருசாக்கணும்."

"முதல்ல உங்களை வெளிய எடுக்கணும்" என்றாள் அக்கா. இரண்டு காதிலும் மருந்தைத் தடவி, நான் நெற்றியைத் தள்ள, அக்கா இடுப்பைப் பிடித்து இழுத்தாள். வந்தார். இடது காதில் மூணு தையல். மனிதத் தோலில் போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "நான் இப்ப ஆடு" என்றார்.

பெரிய சதுரம் வைத்த வலையைத்தான் கடையில் வாங்கி வைத்தார். அது நன்றாகவே விற்றது. ஆடுகள் தலையை விட்டு அந்தப் பக்கத்துச் செடியைத் தின்றுவிட்டு ஒழுங்காகத் தலையை எடுத்துக்கொண்டன. செடிக்காரர்கள் வந்து கேட்டபோது, "காயமில்லாம சாப்பிடுதுங்க, அதைப் பாருங்க" என்று ஆறுதல் சொன்னார்.

பிறகு மின்வேலி வந்தது. சின்னதாக ஒரு பெட்டி, அதற்கு ஒரு பேட்டரி, ஒரே ஒரு மெல்லிசுக் கம்பி. பெட்டி 'டிக்... டிக்...' என்று வினாடிக்கு ஒரு தடவை துடிக்கும், துடிக்கும்போதெல்லாம் கம்பியில் ஒரு சுள்ளென்ற அடி. தொட்டால் வலிக்கும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. மச்சான் இதைக் கொண்டாடினார். கிழியாது, மாட்டாது, தைக்க வேண்டாம். கூட்டம் கூட்டி, எல்லார் முன்னாலும் கம்பியைக் கையால் பிடித்துக் காட்டுவார். "ஒண்ணுமில்ல, சும்மா எறும்பு கடிச்ச மாதிரி" என்பார். சொல்லும்போது பல் கிட்டித்துக்கொண்டு, ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். பின்னால் நிற்கும் அக்கா, "வீட்டுல கொசு கடிச்சாலே ஊரைக் கூட்டுறவர்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வாள்.

மாடுகள் கெட்டிக்காரத்தனத்தில் எங்களையெல்லாம் தாண்டின. அக்காவிடம் ஒரு கறுப்புப் பசு இருந்தது. பால் குறைவு, வேலை எதுவும் கிடையாது, ஆனால் மற்ற மாடுகள் என்ன செய்கின்றன என்று நாள் முழுக்க நின்று பார்க்கும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர். மேனேஜர் தினமும் காலையில் கம்பியருகே போய்க் காதை வைத்துக் கேட்கும். டிக் சத்தம் கேட்டால் திரும்பிவிடும். பேட்டரி தீர்ந்து சத்தம் நின்றால், அடுத்த அஞ்சு நிமிஷத்தில் அத்தனை மாட்டையும் கூட்டிக்கொண்டு வெளிநடப்பு. புல் உயரமாக வளர்ந்து கம்பியைத் தொட்டாலும் அடி குறைந்துவிடும். அதுவும் மேனேஜருக்குத் தெரியும். மச்சான் மழைக்காலம் முழுக்கக் கம்பிக்கு அடியில் குனிந்து குனிந்து புல் அறுத்தார். மேனேஜர் அந்தப் பக்கம் நின்று மேற்பார்வை பார்த்தது.

அந்தச் சமயத்தில்தான் பெரிய தோட்டக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். பெட்டியெல்லாம் வேண்டாம், வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விட்டுத் தந்தால் போதும், காட்டுப்பன்றித் தொல்லை ஒரே நாளில் தீரும் என்றார்.

"அதுல பன்னி சாகும். அப்புறம் மாடு சாகும். அப்புறம் உங்க வேலையாள் சாவான்" என்றார் மச்சான்.

"அது என் பாடு. நீ கம்பியைக் கொடு."

"நான் தொட்டுப் பார்க்காத வேலியை விக்கிறதில்ல. இதைத் தொட்டா விக்கிறதுக்கு நான் இருக்க மாட்டேன்."

தோட்டக்காரர் போன பிறகு மச்சான் கடையை அடைத்துவிட்டு, பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் தானே நடந்து போய், அந்த ஆளுக்கு யாரும் கம்பி கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அத்தோடு நிற்காமல் மின்சார ஆபீசிலும் சொல்லிவிட்டார். அவர்கள் போய்ப் பார்த்து எச்சரித்தார்கள். தோட்டக்காரர் அதன் பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வரவில்லை. அவர் வந்தால் ரெண்டு தட்டு கூடுதலாகச் சாப்பிடுவார் என்பதால் அக்காவுக்கு அதில் வருத்தமில்லை.

மச்சானுக்கு அறுபது தாண்டியபோது கடையை மகள் எடுத்துக்கொண்டாள். படித்தவள், கெட்டிக்காரி, அப்பாவைவிடக் குறைவாகப் பேசி அதிகமாக விற்கிறவள். அவள்தான் கழுத்துப்பட்டையைக் கொண்டுவந்தாள். கம்பெனியிலிருந்து ஓர் இளம்பெண் மடிக்கணினியோடு வந்து விளக்கினாள். கம்பம் வேண்டாம், கம்பி வேண்டாம். போனில் வரைபடத்தைத் திறந்து விரலால் ஒரு கோடு போட்டால் அதுவே வேலி. மாட்டின் கழுத்தில் பட்டை, அந்தப் பட்டைக்கு மாடு எங்கே நிற்கிறது என்று தெரியும்.

"கோட்டுக்கிட்ட வந்தா முதல்ல சத்தம் வரும் சார். திரும்பலைன்னா சத்தம் கூடும். அதுக்கும் திரும்பலைன்னாதான் லேசா ஒரு அடி."

"நாப்பது வருஷமா இவர்கிட்ட நான் பண்றது இதைத்தான். இதுக்குப் பட்டை எதுக்கு?" என்றாள் அக்கா.

மச்சான் அதைக் கவனிக்கவில்லை. அவர் பட்டையைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் புரிந்துவிட்டது. மகள், "அப்பா, வேண்டாம். இதையெல்லாம் ஏற்கனவே ஆயிரம் மாட்டுல பரிசோதிச்சுட்டாங்க" என்றாள்.

"ஆயிரம் மாடும் வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லிச்சா?" என்றார் மச்சான்.

செயல்விளக்க நாளன்று முப்பது பேர் வந்திருந்தார்கள். மச்சான் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றி அதன் மேல் பட்டையை மாட்டிக்கொண்டு, பசுமையான வெட்டவெளியில் தனியாக நடந்தார். எதிரில் ஒன்றுமே இல்லை. புல், அதற்கப்பால் இன்னும் புல். கொஞ்ச தூரத்தில் கழுத்திலிருந்து ஒரு மெல்லிய இசை கேட்டது. மாடாக இருந்தால் திரும்பியிருக்கும். மச்சான் நடந்தார். இசை உயர்ந்தது. "திரும்புங்க சார்!" என்று கம்பெனிப் பெண் கத்தினாள். அவர் இன்னும் ரெண்டு அடி வைத்தார். பிறகு 'ஹெக்' என்று ஒரு சத்தம், மச்சான் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாரும் ஓடினோம். தண்ணீர் குடித்தார். கழுத்தைத் தடவினார். முப்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"லேசாத்தான் இருக்கு" என்றார்.

அன்றைக்கே பதினேழு பேர் பெயர் கொடுத்தார்கள். மாடுகள் நாலே நாளில் கற்றுக்கொண்டன. முதல் சத்தத்திலேயே திரும்பின, அடி வாங்கவே இல்லை. அடி வரைக்கும் போனது எங்கள் மச்சான் மட்டும்தான்.

கோளாறு இல்லாமல் இருக்குமா? ஒரு நாள் பால்காரம்மாவிடமிருந்து மகளுக்கு போன். அவரும் பட்டை வாங்கியிருந்தார். "உங்க கோடு என்னன்னு பாரும்மா. என் மாடெல்லாம் காலையில இருந்து பாறைமேல வரிசையா நிக்குது. ஓரடி தள்ளிப் புல்லு முட்டி உசரம் இருக்கு, ஒண்ணும் போக மாட்டேங்குது." போய்ப் பார்த்தோம். உண்மைதான். எட்டு மாடுகள், கயிறு பிடித்து நிறுத்திய மாதிரி நேர்க்கோட்டில் நின்று, எதிரே இருக்கும் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தன. மகள் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "கட்டைவிரலால போட்டுட்டேன் அத்தை, தள்ளிப் போயிருச்சு" என்றாள். ஆள்காட்டி விரலால் லேசாகத் தடவினாள். அவ்வளவுதான், மாடுகள் புல்லுக்குள் இறங்கின. எல்லைத் தகராறும் இப்படியே நவீனமாகிவிட்டது. முன்பெல்லாம் கம்பத்தைப் பிடுங்கினான் என்று சண்டை வரும். இப்போது விரல் தடிமன் என்று வருகிறது.

எல்லார் மாட்டுக்கும் பட்டை வந்த பிறகு பழைய கம்பியும் கம்பமும் வெறுமனே நின்றன. மான் மாட்டுகிறது, பறவை மாட்டுகிறது, எடுத்துவிடலாம் என்றாள் மகள். மச்சான், "எடுத்துக்கோ, எனக்கென்ன?" என்றார். சொல்லிவிட்டு, ஆட்களோடு தானும் போய் ரெண்டு மாதம் நின்று, தான் நட்ட கம்பங்களைத் தானே ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். மேட்டிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் ஒரே வெளி. அப்பா உயிரோடு இருந்திருந்தால், இதற்காகவா பெண்ணைக் கொடுத்தேன் என்று கேட்டிருப்பார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு காலை, பால்காரம்மா வீட்டில் கன்று போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு, பார்த்துவிட்டு வருகிறேன் என்று மச்சான் கிளம்பினார். பத்து நிமிஷ நடை. பனிமூட்டம். மூணு மணி நேரம் ஆகியும் ஆளைக் காணோம். பால்காரம்மாவுக்கு போன் போட்டால் இன்னும் வரவே இல்லை என்றார். அக்கா எனக்கு போன் செய்தபோது அவள் குரலில் கிண்டல் துளியும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நானும் அவர் மகளும் பனிக்குள் கூப்பிட்டுக்கொண்டே நடந்தோம். "மாமா, அப்பாவுக்கு இந்த மேட்டைத் தெரியாமலா இருக்கும்?" என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அந்தப் பக்கமிருந்து தேடி வந்த பால்காரம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். அவர் குரல் வந்த திசைக்குப் போனோம். மச்சான் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார், நனைந்து, உதடு நீலமாகி. அங்கிருந்து அவருடைய சொந்த வீடு இருநூறு அடிகூட இருக்காது.

"என்ன மச்சான், இங்க உட்கார்ந்துட்டீங்க?"

"மேய்ச்சல் எப்படி இருக்குன்னு பார்த்தேன்."

"மூணு மணி நேரமாவா?"

நான் என் சட்டையைக் கழற்றி அவர் மேல் போர்த்தினேன். பிறகு அவர், மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "எந்தப் பக்கம் போனாலும் எதுவுமே தடுக்கல மாப்ளே. கம்பி வந்தா இடது பக்கம் திரும்பணும், கம்பம் சாஞ்சிருக்கிற இடத்துல இறங்கணும், அப்படித்தான் எனக்கு வழி. இப்ப எங்க போய்த் திரும்புறது?"

நாற்பது வருஷத்தில் அவரைக் கிண்டல் செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்ததில்லை. அதை விட்டுவிட்டு, போர்த்திய சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன்.

பால்காரம்மா அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "ஊரையெல்லாம் அடைச்ச மனுஷன், தொறந்து விட்டா தொலைஞ்சு போறீங்களே" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "எங்க கொட்டகையில பழைய இரும்புக் கேட் ஒண்ணு சும்மா கெடக்கு. ரெண்டு கம்பம் நட்டு அதை நடுவுல மாட்டிவிடும்மா. அப்பாவுக்கு ஒரு அடையாளமா இருக்கும்" என்றார்.

"வேலியே இல்லாம கேட் மட்டுமா, அத்தை?"

"வேலிக்கு நீ போன் வச்சிருக்க. அவருக்கு எதாவது வேணாமா?"

அடுத்த வாரமே நட்டார்கள். பரந்த புல்வெளியின் நடுவில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுமில்லாமல், தன்னந்தனியாக ஓர் இரும்புக் கேட். மச்சான் தினமும் பால்காரம்மா வீட்டுக்குப் போய், இரண்டு பேருமாகக் கன்றுகளைக் குறை சொல்லிவிட்டு, அதன் வழியாகத் திரும்பி வருகிறார். மாடுகளும் பழக்கத்தில் அங்கே வந்து, யாராவது திறக்கட்டும் என்று வரிசையில் நிற்கின்றன. கம்பெனிப் பெண் வந்தபோது இதைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று சொல்லவில்லை.

போன வாரம் நான் அவசரமாகப் போகிற வழியில் கேட்டைத் திறக்காமல் ஓரமாகச் சுற்றி வந்துவிட்டேன். மச்சான் பார்த்துவிட்டார்.

"கேட் எதுக்கு இருக்கு? போய் அதுவழியா வா" என்றார்.

எனக்கும் அறுபத்திரண்டு வயது ஆகிறது, முட்டி வலி இருக்கிறது, பத்து எட்டு திரும்பி நடக்க வேண்டும். நடந்தேன். கேட்டைத் திறந்து, உள்ளே வந்து, சாத்தினேன்.

"கொண்டி" என்றார்.

கொண்டியையும் போட்டுவிட்டு வந்தேன்.